பன்னிரண்டு வோல்ற்றென்று இகழாதீர்!

புலம்பெயர்ந்த நாடுகளிலே எமது இளைஞர்கள் உழைத்து வாங்கும் முதலாவது கார் பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். அதில் அவர்கள் செய்ய விரும்பும் முதல் மாற்றம், பல வேளைகளில், கார் வானொலியுடன் ஓர் அம்பிளிபயரை இணைப்பதாகும். கடையிற் கொடுத்தால் கூலி அதிகம். ஆதலால் வேலை வீட்டுக் கராஜில் நடைபெறுகிறது. தந்தையோ மாமனோ அருகில் நின்று விளக்குப் பிடிக்கிறார். "பன்னிரண்டு வோல்ற்றுத்தானே தம்பி, பயப்பிட ஒண்டுமில்லை" என்று அவர் சொல்லும் தைரியம் பாதி உண்மை. மறுபாதியை அறியாதிருப்பது ஒரு வாகனத்தையே எரித்துவிடக்கூடும்.

இத்தைரியம் எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ் குடாநாட்டில் மின்சாரம் ஆண்டுக்கணக்கில் இல்லாது போயிற்று. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்னூட்டிச் செய்தி கேட்ட தலைமுறை அது. வெறுங்கையால் கம்பிகளை முறுக்கிய அவர்களுக்கு எத்தீங்கும் நேரவில்லை. காரணம் எளிது. சைக்கிள் டைனமோ 6 வோல்ற்று, 3 உவாற்று அளவினது. அது தரும் மின்னோட்டம் ஏறத்தாழ அரை அம்பியர் மட்டுமே. இரு கம்பிகளும் தற்செயலாகத் தொட்டாலும் விளக்கு அணையும், வானொலி ஓயும். அதற்குமேல் எதுவும் நிகழாது.

கார் பற்றரியின் இயல்பு முற்றிலும் வேறானது. குளிர்காலக் காலையில் உறைந்து கிடக்கும் இயந்திரத்தைச் சுழற்றவேண்டிய கடமை அதற்குண்டு. அதன் பொருட்டு நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டத்தை ஒரே கணத்தில் தரவல்லதாக அது ஆக்கப்பட்டுள்ளது. 12 வோல்ற்று உலர்ந்த தோலைத் துளைத்து உடலைத் தாக்காது என்பது மெய்யே. ஆனால் அதே 12 வோல்ற்று, ஒரு கம்பியைச் செந்தணலாக்கி அதன்மேலுள்ள பிளாஸ்ரிக்கைக் கொளுத்திவிடும். இங்கே அஞ்சவேண்டியது மின்னதிர்ச்சியை அன்று, நெருப்பை.

வானொலியே ஒலி தருகையில் அம்பிளிபயர் எதற்கு? இயந்திரம் இயங்கும்போது காரில் உள்ள மின்னழுத்தம் ஏறக்குறைய 14 வோல்ற்று. அதனைக்கொண்டு 4 ஓம் தடையுள்ள ஸ்பீக்கர் ஒன்றுக்கு வானொலி தொடர்ச்சியாகத் தரக்கூடியது ஏறத்தாழ 20 உவாற்றே. பெட்டியின்மேல் 50 உவாற்று என்று அச்சிட்டிருப்பது கணநேர உச்சம். அம்பிளிபயரோ தன்னுள்ளே மின்னழுத்தத்தை உயர்த்திக்கொண்டு பன்மடங்கு வலுவை வழங்குகிறது. அவ்வலு அனைத்தும் பற்றரியிலிருந்தே வரவேண்டும்.

சிறிது கணக்குப் பார்ப்போம். 300 உவாற்று ஒலிவலு தரும் ஒரு சாதாரண அம்பிளிபயர், வெப்பமாக வீணாவதையும் சேர்த்து, உச்சத்தில் 500 உவாற்று வரை உறிஞ்சும். 12 வோல்ற்றில் அது 40 அம்பியருக்கும் மேல். ஐரோப்பிய வீடுகளில் தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் 2000 உவாற்றுக் கேத்தல்கூட 230 வோல்ற்றில் 9 அம்பியருக்குக் குறைவாகவே எடுக்கிறது. வீட்டிற் கிடந்த மெல்லிய கம்பி, 1.5 சதுர மில்லிமீற்றர் பருமனுடையது, 5 மீற்றர் நீளத்தில் இந்த 40 அம்பியரைச் சுமந்தால் அதில் 90 உவாற்றுக்கும் மேலான வெப்பம் பிறக்கும். அது காரின் தரைவிரிப்புக்குக் கீழே பிறக்கிறது! அதே தூரத்துக்கு 8 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியாயின் வெப்பம் 17 உவாற்றளவே. மலிவு விலையில் விற்கப்படும் கம்பிகள் பல செப்பு முலாமிட்ட அலுமினியத்தால் ஆனவை. அவற்றின் தடை செம்பினதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்பதையும் கவனத்திற் கொள்க.

இனி உருகி எனப்படும் பியூஸ். "அம்பிளிபயரிலேயே பியூஸ் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று கேட்போர் பலர். அந்தப் பியூஸ் அம்பிளிபயருக்குக் காவல், கம்பிக்குக் காவலன்று. பற்றரியிலிருந்து பின்பெட்டிவரை செல்லும் கம்பி வழியிலே இரும்புச் சுவரைத் துளைத்துச் செல்கிறது. ஓடும் வாகனத்தின் அதிர்வில் துளையின் விளிம்பு கம்பியின் உறையை நாளடைவில் அறுத்துவிடும். செம்பு இரும்பைத் தொட்ட கணத்தில் பற்றரியின் முழு வலுவும் அவ்வழியே பாயும். அம்பிளிபயரின் பியூஸ் அப்பாதையிலேயே இல்லை. அது மறுகோடியில் வாளாவிருக்கும். ஆகவே பற்றரியின் நேர்முனையிலிருந்து 18 அங்குலத்துக்குள், இயன்றவரை அருகில், ஒரு பியூஸ் இருந்தே ஆகவேண்டும். அதன் அளவு கம்பி தாங்கும் ஓட்டத்தை விஞ்சலாகாது. 8 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பிக்கு 50 அம்பியர் போதும். துளையில் இறப்பர் வளையம் இடுதல் கட்டாயம்.

வேலையைத் தொடங்குமுன் பற்றரியின் எதிர்முனையை முதலிற் கழற்றுக. நேர்முனையை முதலிற் கழற்றினால், கையிலுள்ள சாவி காரின் உடலில் படும்போது குறுஞ்சுற்று உண்டாகும். எதிர்முனைக் கம்பியை அம்பிளிபயரின் அருகே, வர்ணத்தைச் சுரண்டிய வெற்று இரும்பில், அதே பருமனுள்ள கம்பியால் இறுக்குக. வானொலியிலிருந்து வரும் ஒலிச் சமிக்ஞைக் கம்பியை மின்கம்பி செல்லாத மறுபக்கத்தால் கொண்டுசெல்க. இல்லையேல் இயந்திரத்தின் வேகத்துக்கேற்ப ஏறியிறங்கும் ஊளைச் சத்தம் கேட்கக்கூடும்.

தனியாக வாங்கிப் பொருத்தும் வானொலிகளில், வெள்ளைக் கோடிட்ட நீலக் கம்பியே வழமையாக அம்பிளிபயரை இயக்குவதும் நிறுத்துவதும். அதற்குப் பதிலாக எப்போதும் மின்னுள்ள மஞ்சள் கம்பியோடு இணைத்தால், கார் நிற்கும்போதும் அம்பிளிபயர் விழித்திருக்கும். தொடர்ந்து ஓர் அம்பியர் உறிஞ்சினாலும் 45 அம்பியர்-மணிப் பற்றரி இரண்டு நாளில் வறண்டுவிடும். கடுங்குளிரில் பற்றரியின் கொள்ளளவே பெரிதும் குன்றிவிடுவதால், அவ்வளவு அவகாசமும் கிடையாது.

டைனமோவில் செய்தி கேட்ட தலைமுறையின் கைத்திறன் பெருமைக்குரியது. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நற்செயலே. ஆனால் அரை அம்பியர் கற்பித்த துணிவை நாற்பது அம்பியரிடம் காட்டலாகாது. விளக்குப் பிடித்து நிற்கும் பெரியவர், தம்பி பற்றரியைத் திரும்பப் பூட்டுமுன் ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: "பற்றரிக்குப் பக்கத்திலை பியூஸ் போட்டாச்சோ?" இல்லையென்றால் அன்று பாட்டு வேண்டாம், சில காசுகளுக்கு அப்பியூசை வாங்கிவந்தபின் கேட்டுக்கொள்ளலாம்.