துணைக்கோளை ஏமாற்றும் கடல்

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரை ஒட்டிய ஜோகூர் நீரிணையில் நுண்பாசிகள் திடீரெனப் பெருகி, மிதவைப் பண்ணைகளில் 500 டன்னுக்கும் மேல் மீன்கள் செத்துப்போயின. சிங்கப்பூர்ச் சந்தைகளுக்குக் கொடுவா மீன் வளர்த்துத் தரும் பண்ணைகள் இவை. வானத்தில் இத்தனை துணைக்கோள்கள் சுற்றும்போது முன்கூட்டியே கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று கேட்பது நியாயமே.

துணைக்கோள் பார்ப்பது பாசியை அல்ல, நிறத்தை. பாசியிலுள்ள பச்சையம் நீல ஒளியை விழுங்கிவிடும். அதனால் பாசி குறைந்த நடுக்கடல் கருநீலமாகவும், பாசி மண்டிய கடல் பச்சையாகவும் தெரியும். நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்திலிருந்து பச்சையத்தின் அளவைக் கணக்கிடுகிறார்கள். 1978இல் நாசாவின் நிம்பஸ்-7 தொடங்கிவைத்த முறை இது. இந்தியாவின் ஓஷன்சாட்-1 1999இல் ஏவப்பட்டது. இன்று ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் இத்தகைய தரவையும் கடல் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்து, மீன் கூடக்கூடிய இடங்களைத் தமிழக மீனவர்களுக்கும் அறிவிக்கிறது.

ஆனால் நம் சிங்கப்பூர்க் கடலில் கதையே வேறு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவின் கரிச்சதுப்பு நிலங்களிலிருந்து தேநீர்ச் சாயம் போன்ற கரைபொருள் சிங்கப்பூர் நீரிணைக்கு வந்து சேர்கிறது. அதுவும் நீல ஒளியை விழுங்குவதால், இல்லாத பாசியைத் துணைக்கோள் இருப்பதாகக் காட்டிவிடும். ஆழமற்ற நீரில் கலங்கும் வண்டலும் கணக்கைக் கெடுக்கும். மேகம் மூடினாலோ ஒன்றுமே தெரியாது. ஜோகூர் நீரிணை பல இடங்களில் ஓரிரு கிலோமீட்டர் அகலம்தான். 2024இல் ஏவப்பட்ட நாசாவின் பேஸ் துணைக்கோளின் ஒரு படப்புள்ளியே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்!

ஆகவே படகில் போய்த்தான் தீர வேண்டும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குசு, ஹந்து தீவுகளுக்கு அருகே தொடர்ந்து நீர் எடுத்து ஆராய்ந்துள்ளனர். எடுத்த நீரைக் கண்ணாடி இழை வடிதாள் வழியாக வடிகட்டினால், தெளிவாகத் தோன்றிய நீரும் தாளில் வெளிர்பச்சை வட்டமொன்றை விட்டுச்செல்லும். அந்தத் தாளை அசிட்டோனில் ஊறவைத்து, கிடைக்கும் கரைசலில் நீல ஒளி பாய்ச்சினால் பச்சையம் சிவப்பாக ஒளிரும்; எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவு பச்சையம். துணைக்கோளின் கணக்கைச் சரிபார்க்க உதவுவது இந்த அளவுதான்.

பெருகியிருக்கும் பாசி மீனைக் கொல்லும் இனமா, தீங்கற்றதா என்பதைப் பச்சையத்தின் அளவு சொல்லாது. பேஸ் 200க்கும் மேற்பட்ட நிறப்பட்டைகளைப் பார்த்துப் பாசிக் குழுக்களைப் பிரித்தறிய முயல்கிறது. ஆனால் இனத்தை உறுதிசெய்ய இன்றும் நுண்ணோக்கியோ மரபணுச் சோதனையோ தேவை. கூண்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டுவதா, காற்றைச் செலுத்துவதா, மீனை உடனே அறுவடை செய்வதா என்று பண்ணைக்காரர் முடிவெடுக்க அந்தப் பதில் சில மணி நேரத்துக்குள் அவருக்குக் கிடைத்தாக வேண்டும்.