கொலஸ்ட்ரால் இறங்காவிட்டால் தைராய்டையும் பார்க்க வேண்டும்

தைராய்டு சுரப்பி சற்றே தளரும்போது, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து அதை முடுக்கிவிடுகிறது. இதனால் இரத்தத்தில் டி.எஸ்.எச். கூடியிருக்கும், டி4 ஹார்மோன் இயல்பான அளவிலேயே நிற்கும். இதுவே லேசான தைராய்டு குறைபாடு. பலருக்கு அறிகுறி எதுவும் தெரியாது. பெண்களிடமும் வயதானவர்களிடமும் மிகுதியாகக் காணப்படுகிறது. அயோடின் போதிய அளவு கிடைக்கும் ஊர்களில், உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய்தான் முதன்மைக் காரணம். சென்னை உட்பட 8 இந்திய நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 8 விழுக்காட்டினரிடம் இந்த லேசான குறைபாடு இருந்தது.

கல்லீரலில் நடப்பது

இரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல். கொழுப்பைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் உள்ளன. அவற்றைப் பெருகச் செய்வது தைராய்டு ஹார்மோன். அதன் செயல் குன்றினால் ஏற்பிகள் குறைகின்றன, எல்.டி.எல். இரத்தத்திலேயே தேங்குகிறது. கொலஸ்ட்ரால் பித்த அமிலமாக மாறி வெளியேறுவதும் மந்தமாகிறது. கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிப்பதும் ஓரளவு குறையத்தான் செய்கிறது. ஆனால் வெளியேற்றம் அதைவிட அதிகமாகக் குறைந்துவிடுகிறது. சிலருக்கு டிரைகிளிசரைடும் ஏறும். டி.எஸ்.எச். 10க்கு மேல் போனவர்களிடம் இம்மாற்றம் தெளிவாகத் தெரியும்; அதற்குக் கீழே உள்ளவர்களிடம் சிறிதளவே.

பினாங்கில் கவனிக்க வேண்டியது

மலேசியாவின் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு இரத்தக் கொலஸ்ட்ரால் அதிகம். ஜார்ஜ் டவுனில் பழி முதலில் விழுவது நாசி கண்டார் குழம்பின்மேலும் ரொட்டி சானாய்மேலும்தான். அது பெரும்பாலும் நியாயமான பழியே. ஆனால், வாயைக் கட்டிய பிறகும் எல்.டி.எல். இறங்காதவர்களை மேலும் கடிந்துகொள்வதில் பயனில்லை; அவர்களுக்குத் தேவை டி.எஸ்.எச். பரிசோதனை. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை தொடங்குமுன் இது இன்னும் முக்கியம். தைராய்டு குறைபாட்டைக் கவனிக்காமல் ஸ்டாடின் கொடுத்தால் தசைவலியும் தசைச் சிதைவும் வரும் வாய்ப்பு கூடுகிறது.

தமிழ்நாட்டில் பரிசோதித்துத் திரும்புவோர் அலகையும் பார்க்க வேண்டும். மலேசியாவில் கொலஸ்ட்ரால் மில்லிமோலில் வரும், அங்கே மில்லிகிராமில். இங்குள்ள 5.2 அங்கே ஏறத்தாழ 200.

யாருக்கு மருந்து?

ஒரே ஒரு பரிசோதனையை வைத்து மருந்து தொடங்குவது சரியல்ல. காய்ச்சல், வேறு நோய்கள், சில மருந்துகள் ஆகியவற்றாலும் டி.எஸ்.எச். தற்காலிகமாக ஏறலாம். 2, 3 மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கையில் பலருக்கு அது இயல்புக்கு வந்திருக்கும். 10க்கு மேல் நிலைத்தால் பொதுவாகத் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லிவோதைராக்சின் தரப்படும். அதற்குக் கீழே இருந்தால் வயது, இதயநோய், கருத்தரிக்கும் எண்ணம் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். 65 வயதைக் கடந்தவர்களுக்கு இம்மருந்தால் சோர்வு முதலிய அறிகுறிகள் குறையவில்லை என்று 2017இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. கடற்பாசி மாத்திரை, அயோடின் டானிக் என்று தாமாக வாங்கி விழுங்குவது ஆபத்து. மிகுதியான அயோடின் ஹாஷிமோட்டோ நோயை மோசமாக்கக்கூடும்.

லேசான குறைபாட்டில் லிவோதைராக்சினால் எல்.டி.எல். இறங்குவது சராசரியாக 0.2 மில்லிமோல் அளவே. ஆகவே நீரிழிவோ இதயநோயோ உள்ளவர் இதை நம்பி ஸ்டாடினை நிறுத்தக்கூடாது.

லிவோதைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்க வேண்டும். கோப்பியும் பசியாறலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. மருந்தின் அளவு சரிதானா என்பதை 6 முதல் 8 வாரம் கழித்து எடுக்கும் டி.எஸ்.எச். காட்டும், அது இயல்புக்கு வந்த பின் எடுக்கும் கொழுப்புப் பரிசோதனையே நம்பத்தக்கது.