பனங்கட்டியில் உறைந்துள்ள உழைப்பு: அளவீடு பற்றிய ஒரு விளக்கம்

1

பனையைக் கற்பகதரு எனப் போற்றுவது எமது மரபு. அம்மரத்தின் பயன்களைத் தொகுத்துக் கூறும் 'தாலவிலாசம்' என்னும் செய்யுள் நூல் 801 பயன்களைக் குறிப்பிடுகின்றது என்பர். 1850 இல் கொழும்பில் வெளியான வில்லியம் பேர்குசனின் ஆங்கில நூலும் பனையின் பல்வகைப் பயன்பாடுகளை விரித்துரைத்தது. எனினும், பயன்களை எண்ணிய இம்மரபு அப்பயன்களை ஆக்கித்தந்த உழைப்பை எண்ணியதில்லை. கருப்பநீர் தானாக மரத்தை விட்டு இறங்குவதுமில்லை. ஓலை தானாகப் பாயாவதுமில்லை. அரசியற் பொருளாதாரத்தின் மொழியிற் கூறுவதாயின், எமது புலவர்கள் பனையின் பயன்பாட்டுப் பெறுமதிகளைப் பாடினர். அதன் பெறுமதியின் ஊற்றாகிய மனித உழைப்பு பாடலுக்கு வெளியே நின்றது.

ஒரு பொருள் தோன்றுவதிலிருந்து அது பயன்பட்டுக் கழியும் வரை அதற்காகச் செலவாகும் மனித உழைப்பை எவ்வாறு அளப்பது என்பதை, யாழ்ப்பாணக் குடாநாட்டின் பனங்கட்டியைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வளவீடு வெறும் கணக்கியல் விவகாரமன்று. யாருடைய உழைப்பைக் கணக்கிற் சேர்ப்பது, யாருடையதை விடுவது என்னும் வினா இதன் உள்ளே உள்ளது.

2

பண்டங்களின் பெறுமதியை உழைப்பினால் விளக்கும் முயற்சி மார்க்சுக்கு முற்பட்டது. அடம் ஸ்மித் (1776), டேவிட் றிக்காடோ (1817) ஆகியோர் அதற்கு அடித்தளமிட்டனர். 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில் மார்க்ஸ் இக்கோட்பாட்டை இரு வகையிற் செம்மைப்படுத்தினார். முதலாவது, பெறுமதியை நிர்ணயிப்பது தனியொருவர் செலவிட்ட நேரமன்று. குறித்த சமூகத்தில், இயல்பான நிலைமைகளில், சராசரித் திறனோடு அப்பொருளை ஆக்குவதற்கு வேண்டிய நேரமே. ஒரு தொழிலாளி மெதுவாக மரமேறுவதனால் அவரது பனங்கட்டியின் பெறுமதி கூடிவிடுவதில்லை. இரண்டாவது, பொருளில் இருவகை உழைப்பு அடங்கியுள்ளது. ஒன்று, அப்போது செலவாகும் உயிருள்ள உழைப்பு. மற்றையது, கருவிகளிலும் மூலப்பொருள்களிலும் முன்னரே உறைந்து, தேய்மானத்தின் மூலம் சிறிது சிறிதாகப் புதிய பொருளுக்கு மாறிச் செல்லும் கடந்தகால உழைப்பு.

இக்கடந்தகால உழைப்பை எவ்வளவு தூரம் பின்னோக்கித் தேடுவது? முட்டியிற் குயவரின் உழைப்பு உண்டு. அவர் எரித்த விறகில் விறகு வெட்டியவரின் உழைப்பு உண்டு. வெட்டிய கோடரியிற் கொல்லரின் உழைப்பு உண்டு. இச்சங்கிலி முடிவற்றதாகத் தோன்றினும், ஒவ்வொரு படியிலும் சேரவேண்டிய அளவு சுருங்கிச் செல்வதால், மொத்தத்தைக் கணக்கிட முடியும். வஸ்ஸிலி லியொன்ரீவ் 1930 களில் உருவாக்கிய உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணை முறை இதனை ஒரு நாட்டின் எல்லாத் தொழில்துறைகளுக்கும் சேர்த்துச் செய்ய வழிவகுத்தது. அதற்காக அவருக்கு 1973 இல் நோபல் பரிசு கிடைத்தது. பியறோ ஸ்ராபா 1960 இல் வெளியிட்ட சிறுநூல், கடந்தகால உழைப்பை அது செலவான ஆண்டுவாரியாகப் பிரித்து நோக்கும் முறையைக் காட்டியது.

3

இனிப் பனங்கட்டிக்கு வருவோம். சீவல் தொழிலாளர் தளைநாருடனும் பாளைக்கத்தியுடனும் காலையும் மாலையும் மரமேறி, பாளையைச் சீவி, முட்டி கட்டி இறக்குகின்றனர். கருப்பநீர் புளித்துக் கள்ளாகாதிருக்க முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசப்படும். இறக்கிய கருப்பநீர் வடிக்கப்பட்டு, மணிக்கணக்காகக் காய்ச்சப்பட்டு, பாகு பதம் வந்ததும் பனையோலையால் இழைத்த குட்டான்களில் வார்க்கப்படுகின்றது. ஒரு கிலோகிராம் பனங்கட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லீற்றர் கருப்பநீர் வேண்டும். மரமேறுதல் ஆண்களின் தொழில். காய்ச்சுதல், வார்த்தல், குட்டான் இழைத்தல் ஆகியன பெரும்பாலும் அவர்களது குடும்பப் பெண்களின் வேலை.

கணக்கிடும் முறை விளங்குவதற்காக ஓர் எடுகோளை அமைப்போம். கீழ்வரும் மணிக்கணக்குகள் கள ஆய்வின் முடிவுகளல்ல. ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் மரங்களிற் செலவிட்டு 40 லீற்றர் கருப்பநீர் இறக்குகின்றார் எனவும், அதிலிருந்து 4 கிலோகிராம் பனங்கட்டி கிடைக்கின்றது எனவும் கொள்வோம். காய்ச்சி வார்ப்பதற்கு நான்கு மணி, விறகு சேர்ப்பதற்கு இரண்டு மணி, ஓலை வார்ந்து குட்டான் இழைப்பதற்கு இரண்டு மணி, சந்தைக்குக் கொண்டு செல்வதற்கு ஒரு மணி. கத்தி, முட்டி, கயிறு, சுண்ணாம்பு ஆகியவற்றில் உறைந்துள்ள உழைப்பில் அன்றைய நாளுக்குரிய பங்கு ஒரு மணி. ஆக மொத்தம் 16 மணி; கிலோவுக்கு நான்கு மணி.

மரமேறுபவரின் நேரத்தை மட்டும் எண்ணினால் கிலோவுக்குக் கிடைப்பது ஒன்றரை மணியே. எஞ்சிய இரண்டரை மணியும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். அவ்வாறு மறைவதிற் பெரும்பகுதி அடுப்படியிலும் முற்றத்திலும் நிகழும் பெண்களின் உழைப்பாகும். அது கூலியாக மாறாததால் 'வீட்டுவேலை' என்னும் பெயரில் ஒதுக்கப்படுகின்றது. எடுகோளில் எண்களை மாற்றலாம். மறைவின் தன்மை மாறாது.

4

இவ்விடத்து உழைப்புக் கணக்கிற்கும் செலவுக் கணக்கிற்கும் உள்ள வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. சீவல் தொழிலாளரிற் பலர் தாம் ஏறும் மரங்களுக்கு உரியவரல்லர். காணிக்காரரிடம் மரங்களைக் குத்தகைக்குப் பெறுபவர்கள். செலவுக் கணக்கிற் குத்தகை முக்கியமான ஓர் இனமாக இடம்பெறும். உழைப்புக் கணக்கிலோ அதற்கு நேரான மணித்தியாலம் எதுவுமில்லை. குடாநாட்டுப் பனைகளிற் பெரும்பாலானவை வித்து விழுந்த இடத்தில் முளைத்து வளர்ந்தவை. அவை பயன்தரும் பருவத்தை எட்டப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும். அவ்வாண்டுகளில் அவற்றுக்குச் செலவான உழைப்போ மிகச் சிறிது. ஸ்ராபாவின் முறைப்படி அவ்வுழைப்பைப் பிரித்து, மரம் பலன்தரும் நீண்ட காலத்துக்குப் பகிர்ந்தால், ஒரு கிலோ பனங்கட்டிக்கு வருவது சில கணப்பொழுதுகளே. ஆகவே குத்தகை, பொருளிற் சேரும் உழைப்பன்று. சேர்ந்த உழைப்பிலிருந்து உடைமையின் பேரால் எடுக்கப்படும் பங்காகும். விலைப்பட்டியல் மூடிவைக்கும் இவ்வுண்மையை மணிக்கணக்கு திறந்துகாட்டுகின்றது.

சந்தையிலும் இத்தகைய ஒரு மறைவு உண்டு. பனங்கட்டி சந்தையிற் கரும்புச் சீனியோடு போட்டியிடுகின்றது. பெருந்தோட்டமும் ஆலையும் இயந்திரமும் சேர்ந்து ஆக்கும் ஒரு கிலோ சீனியில் அடங்கியுள்ள உழைப்பு நேரம், கைத்தொழிலாக ஆக்கப்படும் பனங்கட்டியிலுள்ளதிலும் மிகக் குறைவு. இனிப்புக்கு 'அவசியமான' நேரத்தைச் சந்தை சீனியை வைத்தே தீர்மானிக்குமாயின், பனங்கட்டித் தொழிலாளியின் நான்கு மணியில் ஒரு பகுதி மட்டுமே சமூகத்தால் ஏற்கப்படும்; எஞ்சியது ஏற்கப்படாத உழைப்பாகிவிடும். காய்ச்சும் உழைப்பும் விறகும் வேண்டாத கள்ளாகவே பனஞ்சாறு பெருமளவில் இறக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமெனலாம். அதனை மரமேறுவோரின் 'மனப்பாங்கு' என விளக்குவோர், மணிக்கணக்கைப் பாராதவர்களேயாவர்.

5

பொருளின் வாழ்வு சந்தையோடு முடிவதில்லை. ஓலைக் குட்டான் எறிந்த இடத்தில் மக்கி மண்ணாகும். அதனை அகற்ற எவருடைய உழைப்பும் வேண்டியதில்லை. அதே பனங்கட்டியைப் பிளாஸ்ரிக் பையில் அடைத்தால், குட்டான் இழைத்தவரின் நேரம் மிச்சமாகும். ஆயின் அப்பையை வடிகாலிலிருந்து வாரும் வேலை நகரசுத்தித் தொழிலாளரைச் சேரும். உற்பத்தியாளரின் ஏட்டில் 'சிக்கனம்' என எழுதப்படுவது, சாதியடுக்கிற் கீழே தள்ளப்பட்ட இன்னொருவரின் முதுகுக்கு மாற்றப்பட்ட சுமையே. தொடக்கம் முதல் முடிவு வரை அளக்கவேண்டும் என்பதன் நியாயம் இதுவே.

இன்று இவ்வகை அளவீடு உலகளவில் நடைமுறையில் உள்ளது. பொருள்களின் வாழ்க்கைவட்ட மதிப்பீட்டுக்கான சர்வதேச நியமம் (ஐ.எஸ்.ஓ. 14040) 1997 இல் வெளிவந்தது; அது சுற்றாடல் விளைவுகளையே பெரிதும் நோக்கியது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டி, அம்மதிப்பீட்டைத் தொழிலாளரின் நிலைமைகளுக்கும் விரித்தது. இவ்வாய்வுகளிற் 'தொழிலாளர் மணித்தியாலம்' ஓர் அளவுகோலாகப் பயன்படுகின்றது. இது வரவேற்கத்தக்க வளர்ச்சியே. எனினும், அட்டவணைகள் நிறுவனங்களின் கூலி ஏடுகளையும் தேசியப் புள்ளிவிபரங்களையும் ஆதாரமாகக் கொள்ளும் அளவுக்கு, கூலி ஏடில்லாத அடுப்படி அவற்றுக்கு வெளியே நின்றுவிடும். 801 பயன்களை எண்ணிய புலவர் விட்ட இடைவெளியைக் கணினியும் விட்டுவிடக்கூடும்.

6

மணித்தியாலம் எல்லாவற்றையும் அளக்காது என்பதும் உண்மை. பனையின் வட்டில் நிற்கும் ஒரு மணியும் கந்தோர்க் கதிரையில் இருக்கும் ஒரு மணியும் கடிகாரத்தில் ஒன்றே. ஆனால் தவறி விழுந்தால் முன்னையதன் விலை ஓர் உயிர். அதன்பின் ஒரு குடும்பம் முழுவதன் உழைப்பு. மேலும், இத்தொழில் குடாநாட்டிற் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. உழைப்பின் கனியை நுகர்ந்த சமூகம், உழைத்தவரைக் கோயில் வாசலில் நிறுத்தியது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. இவ்வனுபவத்தைப் புள்ளிவிபரத்துக்கு முன்னரே பதிவுசெய்தது இலக்கியம். கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) அவ்வகையில் ஒரு சமூக ஆவணமுமாகும். ஆதலின் மணிக்கணக்கோடு ஆபத்து, அவமதிப்பு, கூலியின்மை ஆகியவற்றையும் தனித்தனி நிரல்களாகப் பதியவேண்டும். அவற்றை ஒரே எண்ணாகக் குழைத்துவிடுவது அறிவியலாகாது.

இப்பதிவை யார் செய்வது? 1970 களிற் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியமை, விற்பனையைத் தனிப்பட்ட குத்தகைக்காரரிடமிருந்து தொழிலாளரின் கைக்கு மாற்றும் முயற்சியாக அமைந்தது. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. போர்க்காலத்திற் பெருந்தொகையான பனைகள் அழிந்தன. எஞ்சிய மரங்களை எண்ணும் முயற்சிகள் நடைபெறுகின்றன. மரங்களை எண்ணுவதோடு மணிகளையும் எண்ணலாம். சங்கத்தின் கொள்வனவு ஏட்டில் லீற்றருக்கும் ரூபாவுக்கும் பக்கத்தில் இரு நிரல்கள் கூடுதலாக வரைந்தாற் போதும்: ஒன்று மரத்திற் செலவான நேரம், மற்றையது அடுப்படியிற் செலவான நேரம். ஒரு பருவகாலம் அவ்வாறு பதியப்படுமாயின், பனங்கட்டியின் விலை பற்றிப் பேசும்போது, அடுப்படியில் நின்றவரின் பெயராலும் ஒரு பங்கைக் கேட்பதற்கு ஆதாரம் இருக்கும். பல்கலைக்கழக ஆய்வாளர் இப்பணியிற் சங்கங்களோடு இணைவது, பனையின் பயன்களைப் பட்டியலிடும் இன்னொரு நூலை எழுதுவதிலும் இன்றியமையாதது.