குழியைத் தாங்கும் சேறு

ஆழ்துளைக் கிணறு போடும்போது எல்லோர் கண்ணும் வண்டியின் மேல்தான் இருக்கும். எத்தனை அடி போகும், கம்ப்ரசரின் அழுத்தம் எவ்வளவு, அடிக்கு என்ன விலை என்றுதான் பேச்சு ஓடும். துளைக்குள் எதைச் செலுத்தப் போகிறார்கள் என்று கேட்பவர் குறைவு. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. அதனால் பலருக்கு இந்தக் கேள்வி எழ வாய்ப்பே வந்ததில்லை. திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் போகும் வண்டிகள் பெரும்பாலும் காற்றின் பலத்தில் பாறையைத் துளைப்பவை. காவிரிப் படுகையிலும் கடலோர மணலிலும் அந்த முறை கைகொடுக்காது. அங்கே துளைத்த குழி, குழாய் இறக்கும்வரை சரியாமல் நிற்க வேண்டும். அதை நிற்க வைப்பது குழிக்குள் நிறைந்திருக்கும் சேற்றுக் கரைசல். அந்தக் கரைசலின் பக்குவத்தை வண்டிக்காரரின் பழக்கத்துக்கு விட்டுவிடக் கூடாது, அடியில் இருக்கும் மண்ணைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

கரைசல் செய்யும் வேலையைப் பார்த்தால் காரணம் விளங்கும். அது துளைக்கும் குழாயின் உள்ளே இறங்கி, துளைக்கும் முனையான பிட்டின் துவாரங்கள் வழியாக வெளியேறி, வெட்டிய மண்ணைச் சுமந்துகொண்டு குழாய்க்கும் குழிச் சுவருக்கும் இடையே மேலே வருகிறது. போகிற வழியில் பிட்டைக் குளிர்விக்கிறது. பம்பு நின்றால் சுமந்து வந்த மணல் அடியில் விழுந்து பிட்டைப் புதைத்துவிடக் கூடாது. பெண்டோனைட் என்னும் களிமண்ணைக் கரைத்தால் அது அசையாதபோது கெட்டியாக உறைந்து மணலைப் பிடித்துக்கொள்ளும், அசைத்தால் மறுபடி இளகும். எல்லாவற்றிலும் பெரிய வேலை சுவரைத் தாங்குவது. பத்து மீட்டர் உயர நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ எடையோடு அழுத்துகிறது. ஆனால் வெறும் நீர் மணலுக்குள் கசிந்து ஓடிவிடுவதால் அந்த அழுத்தம் சுவரின்மேல் விழாமல் வீணாகிறது. பெண்டோனைட்டின் நுண்ணிய தகடுகள் மணலின் இடுக்குகளை அடைத்து, சாணம் மெழுகிய தரைபோல மெல்லிய படலமாகப் படிகின்றன. அதற்குப் பிறகுதான் உள்ளிருக்கும் கரைசலின் எடை சுவரைத் தள்ளி நிறுத்துகிறது. குழிக்குள் கரைசலின் மட்டம் நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே இறங்கினால், தள்ளும் திசை மாறிக் குழி உள்நோக்கிச் சரியும்.

ஒவ்வொரு மண்ணும் வேறு வேறு விதமாகத் தொல்லை தரும். மணலுக்குப் படலம் வேண்டும். நல்ல பெண்டோனைட் போதும். சரளைக் கற்களில் இடுக்குகள் பெரியவை. கரைசல் பிடிபடாமல் ஓடிவிடும், கற்களின் எடையும் அதிகம். அங்கே கெட்டியான கரைசல் வேண்டும், சில சமயம் ஓட்டையை அடைக்கும் பொருளும் சேர்க்க வேண்டும். களிமண்ணில் நிலைமை தலைகீழ். அது தண்ணீரைக் குடித்து உப்பிக் குழியைச் சுருக்கும், பிட்டின்மேல் உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். வெட்டிய களிமண் தானே கரைந்து கரைசலைத் தடிக்கச் செய்வதால், அதில் மேலும் பெண்டோனைட்டைக் கொட்டுவது வீண்செலவு. களிமண் துணுக்குகளைப் போர்த்தி, நீர் புகாமல் தடுக்கும் பாலிமரே அங்கே உதவும். வெடிப்பில்லாத கருங்கல்லில் சுவர் தானே நிற்கும். தூளை வெளியேற்றக் காற்று போதும், ஈரம் தட்டினால் சோப்பு நுரை சேர்க்கலாம். மேலே மணல், நடுவே களி, கீழே பாறை என்று அடுக்கடுக்காக அமைந்த இடத்தில் ஒரே கிணற்றுக்குள் மூன்று முறையும் தேவைப்படலாம்.

எதைச் சேர்ப்பது என்பதோடு எப்படிச் சேர்ப்பது என்பதும் முக்கியம். தண்ணீரில் கால்சியம் மிகுந்திருந்தால் பெண்டோனைட் முழுமையாக உப்பாது, உவர்நீரிலும் அப்படித்தான். அதனால் முதலில் சோடா ஆஷ் போட்டு நீரின் கடினத்தன்மையைப் போக்கி, காரத்தன்மையின் அளவான பிஎச் 8.5-க்கும் 9.5-க்கும் இடையே இருக்கும்படி செய்வார்கள். அடுத்தது பெண்டோனைட், அதன் தரத்தைப் பொறுத்து ஆயிரம் லிட்டருக்குப் பொதுவாக 30 முதல் 60 கிலோ. கேழ்வரகுக் கூழ் கிண்டும்போது மாவை ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டுகிறதே, இங்கும் அதேதான்: வெளியே வழுவழுப்பு, உள்ளே உலர்ந்த பொடி. வேகமாக ஓடும் நீரில் மெல்லத் தூவ வேண்டும், ஊறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். பாலிமர் கடைசியில்தான். அதை முன்பே போட்டால் களிமண்ணை அது போர்த்திவிடும். பிறகு பெண்டோனைட் ஊறவே ஊறாது.

“எதற்கு இத்தனை கணக்கு? கொஞ்சம் கெட்டியாகக் கரைத்துவிட்டால் எந்த மண்ணிலும் பயமில்லையே” என்பார்கள். கெட்டியான கரைசலிலிருந்து மணல் எளிதில் படியாது. படியாத மணல் மறுபடி குழிக்குள் போய்ப் பம்பை அரிக்கும், கரைசலைக் கனமாக்கும். கனம் கூடினால் நிலம் பிளந்து கரைசல் ஓடும். தடித்த படலம் குழாயைப் பற்றிக்கொள்ளும். அளவுக்கு மிஞ்சினால் தாங்குவதே தடையாகிவிடும். அளந்து பார்க்க விலையுயர்ந்த ஆய்வகமும் வேண்டியதில்லை. மார்ஷ் புனல் என்ற எளிய கருவியில் 946 மில்லி லிட்டர் நல்ல தண்ணீர் வடிய 26 விநாடி ஆகும். மணலில் கிணறு போடும் சாதாரணக் கரைசலுக்கு 32 முதல் 40 விநாடி வரை ஆகலாம். ஒரு புனல், ஒரு கடிகாரம், எடை பார்க்க ஒரு தராசு இருந்தால் போதும்.

“இதெல்லாம் பெரிய எண்ணெய்க் கிணறுகளுக்கான சமாசாரம்” என்பது அடுத்த மறுப்பு. எண்ணெய்க் கிணறுகளில் பணயம் பெரிது என்பது உண்மை. அங்கே ஆந்திரத்தின் மங்கம்பேட்டையில் கிடைப்பது போன்ற, நீரைவிட நான்கு மடங்குக்கும் மேல் கனமான பாரைட் என்னும் கனிமத்தைக் கலந்து வாயுவை அமுக்கி வைக்கிறார்கள். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடையில், அடியில் இட்ட சிமென்ட் சரியாக அடைக்காத நிலையில், கனமான கரைசலை அகற்றி இலேசான கடல்நீரை நிரப்பினார்கள். வாயு மேலேறி வெடித்தது; 11 பேர் இறந்தனர். அன்று தவறியவை பல, ஆனால் அந்தக் கரைசலின் எடை எவ்வளவு பெரிய காவல் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். நம் கிணற்றில் உயிருக்கு அந்த ஆபத்து இல்லை. இழப்பது, புதைந்த பிட்டும் கைவிட்ட குழியும் ஒரு குடும்பத்தின் சேமிப்பும். மிச்சம் பிடித்த சில மூட்டைப் பெண்டோனைட்டின் விலை அதற்கு ஈடாகாது.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மதிக்கிறேன்: குடிக்கும் தண்ணீருக்குள் ஏன் எதையாவது கரைக்க வேண்டும்? வங்கதேசத்து ஆற்றுப்படுகைகளில் கையால் குழாய்க்கிணறு இறக்குவோர், குழி சரியாமலிருக்கச் சாணத்தைக் கரைத்து ஊற்றுவது உண்டு. அது குழியைத் தாங்கும், கூடவே கிருமியையும் ஊற்றில் சேர்க்கும். பெண்டோனைட்டும் குற்றமற்றது அல்ல. குழியைக் காக்கும் அதே படலம், கழுவாமல் விட்டால் நீர் வரும் வழியையும் அடைத்துவிடும். இதற்கு விடை கரைசலைக் கைவிடுவதில் இல்லை. குடிநீருக்கு ஏற்ற பொருளை மட்டும் சேர்ப்பதிலும், குழாய் இறக்கியபின் கிணற்றை நன்றாக அலசித் தெளிய வைப்பதிலும் இருக்கிறது. கொத்தவரை விதைப் பிசினில் செய்த கரைசலும் உண்டு. வேலை முடிந்தபின் நொதி சேர்த்தால் சிதைந்து நீர்த்துவிடும். சில நாட்களில் தானாகவே புளித்துக் கெடும் என்பதால், அதைப் பயன்படுத்தினால் கடைசியில் குளோரின் இட்டுக் கிணற்றைச் சுத்தம் செய்தே தீர வேண்டும். மீந்த சேற்றை வாய்க்காலிலும் ஏரியிலும் விடுவதோ எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.

ஆகவே மணற்பாங்கான நிலத்தில் கிணறு போடுகிறவர், விலை பேசும்போதே நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். பக்கத்துக் கிணறுகளில் எந்த ஆழத்தில் எந்த மண் வந்தது? அதற்கு என்ன கரைசல்? கலக்கும் தண்ணீரைச் சோதித்தீர்களா? முடிந்தபின் கிணற்றை எத்தனை மணி நேரம் அலசுவீர்கள்? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்பவர், அடிக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.