கிளாரா சூமானின் இசை வளர்ச்சி

இளமையில் மேதையெனப் போற்றப்பட்டோர் பலர் வளர்ந்தபின் மறக்கப்பட்டுவிடுகின்றனர். விரல்கள் பழகுதல் வேறு. அவ்விரல்களின் வழியே சொல்லுதற்குத் தமக்கென ஒரு கருத்து உண்டாதல் வேறு. முன்னதை ஆசிரியர் கொடுக்கலாம். பின்னதை மாணவரே தேடிக்கொள்ளல் வேண்டும். இவ்வுண்மையை நன்கு விளக்குவது ஜேர்மானியப் பியானோக் கலைஞர் கிளாரா சூமானின் வாழ்க்கை.

கிளாரா 1819 ஆம் ஆண்டு செப்டெம்பர் 13 ஆம் திகதி லைப்சிக் நகரிற் பிறந்தார். தந்தையார் பிரீட்ரிக் வீக் பெயர்பெற்ற பியானோ ஆசிரியர். நான்கு வயதாகியும் குழந்தை பேசத் தொடங்காமையால், காது கேளாதோ என வீட்டார் ஐயுற்றனர். பெற்றோரும் பிரிந்தனர். குழந்தை தந்தையாரின் பொறுப்பில் வளர்ந்தது.

பியானோவின் கட்டையை விரலால் அழுத்தினால், உள்ளேயுள்ள சிறு சுத்தியல் தந்தியைத் தட்டும். அழுத்தும் பாங்கிற்கேற்ப ஒலி மெலியும், பெருகும். ஆதலால், வீக் இசைக்குறிகளை வாசிக்கக் கற்பிக்குமுன், சிறு பயிற்சிகளைச் செவியாற் கேட்டே வாசிக்கச் செய்தார். நாள்தோறும் ஒரு மணி நேரப் பாடம், இரண்டு மணி நேரப் பயிற்சி, திறந்த வெளியில் நீண்ட உலா என்பன அவர் வகுத்த ஒழுங்கு. 1828 இல், ஒன்பது வயதில், கிளாரா லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் மண்டபத்தில் மற்றொருவரின் கச்சேரியிற் பங்குபற்றினார். 1830 இல் அங்கே அவருடைய சொந்தக் கச்சேரி நிகழ்ந்தது.

ஆயினும் அக்குரல் யாருடையது? கிளாராவின் பெயரால் 1827 இல் தொடங்கப்பெற்ற நாட்குறிப்பில் ‘நான்’ என்று எழுதிவந்தவர் பெரும்பாலும் தந்தையாரே. மேடையில் வாசிக்க வேண்டியவற்றையும் அவரே தெரிந்தார். சபையோர் வியக்கும் விரைவும் பகட்டும் மிக்க உருப்படிகளே அந்நிகழ்ச்சிகளில் மிகுந்திருந்தன.

மெல்ல மெல்ல மாற்றம் வந்தது. பதின்மூன்றாம் வயதில் இயற்றத் தொடங்கிய பியானோக் கொன்சேர்ட்டோவை, 1835 இல், மெண்டல்சோன் வாத்தியக் குழுவை நடத்தக் கிளாராவே வாசித்தார். வியன்னாவிற் பீத்தோவனின் ஆழ்ந்த படைப்பொன்றை வாசித்தும் புகழ்பெற்றார். இதனிடையே, தந்தையாரிடம் மாணவராயிருந்த ரொபேட் சூமானை மணக்க விரும்பினார். தந்தையார் கடுமையாக மறுத்தார். 1839 இல், பத்தொன்பது வயதில், அவர் துணையின்றியே கிளாரா பாரிஸ் சென்றார். அதுவரை தந்தையார் கவனித்த கச்சேரி ஒழுங்குகள் யாவும் இப்போது அவர் தலைமேல் விழுந்தன. தன் திறமையைத் தானே தாங்கி நிற்கக் கற்ற காலம் அதுவே. நீதிமன்றத்தின் அனுமதியோடு 1840 இல் திருமணம் நடந்தது.

இல்லறமும் எளிதாயிருக்கவில்லை. கணவர் இயற்றும் வேளையில் கிளாராவின் பியானோ ஓய்ந்திருக்க வேண்டியதாயிற்று. எனினும் இருவரும் ஒன்றாயமர்ந்து பாக்கின் பியூகுகளை ஆராய்ந்து கற்றனர். அக்கல்வி அவர் வாசிப்பை ஆழப்படுத்தியது. 1854 இல் ரொபேட் மனநோய்க்காளாகி மருத்துவ இல்லஞ் சேர்ந்தார். 1856 இல் மறைந்தார். ஏழு பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பு கிளாராவுடையதாயிற்று. அவர் ஐரோப்பாவெங்கும் கச்சேரி செய்தார்.

பொருள் தேவைப்பட்ட அவ்வேளையிலும் அவர் பழைய பகட்டு உருப்படிகளுக்குத் திரும்பினாரல்லர். பாக், பீத்தோவன், சோப்பன், தம் கணவர் ஆகியோரின் படைப்புக்களையே சபைமுன் வைத்தார். ரொபேட்டின் இசை பலருக்கு விளங்காதிருந்த காலத்தில், அதனை மீண்டும் மீண்டும் வாசித்து விளங்கவைத்தார். ஏட்டைப் பாராது மனப்பாடமாக வாசிக்கும் வழக்கத்தை மேடையில் நிலைபெறச் செய்தோருள்ளும் அவர் ஒருவர்.

1878 முதல் பிராங்பேட் நகரின் ஹொக் இசைக் கல்லூரியிற் கற்பித்த கிளாரா, 1891 இல் இறுதியாக மேடையேறினார். 1896 இல் மறைந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவ்விரல்கள் தளராது உழைத்தமைக்குத் தந்தையாரிட்ட அடித்தளம் பெருங்காரணம். ஆனால் அவ்விரல்கள் எதனை வாசித்தல் வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர், தம் நாட்குறிப்பைத் தாமே எழுதக் கற்ற மகளே.