டீ குடித்தால் டோபமைன் சுரக்குமா?

பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளி மொட்டு பறிப்பவர்கள் விடியும்வரை காத்திருப்பதில்லை. நேரத்தோடு கூடை சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். காட்டுக்குள் இறங்குமுன் ஒரு கிளாஸ் டீ உள்ளே போனால்தான் கை ஓடும். "டீ குடிச்சா மூளையில டோபமைன் சுரக்குது, அதான் சுறுசுறுப்பு" என்று வாட்ஸ்அப் இதற்கு விளக்கம் சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உயிரோடிருப்பவர்களின் மூளைக்குள் பார்த்தவர்கள் கண்டது வேறு.

பார்த்தது பெட் ஸ்கேன் வழியாக. ராக்லோபிரைடு என்ற வேதிப்பொருளில் கதிரியக்கக் கார்பன்-11 அணுவைப் பொருத்தி, மிகச் சிறிய அளவில் ஊசி வழியே ஏற்றுகிறார்கள். அந்த அணு சிதையும்போது பாசிட்ரான் ஒன்று வெளிவரும். எலக்ட்ரானின் எதிர்த்துகள் அது. அருகிலேயே ஓர் எலக்ட்ரானைச் சந்தித்து இரண்டும் அழிந்துபோக, நேரெதிர்த் திசைகளில் இரு காமாக் கதிர்கள் பாயும். தலையைச் சுற்றியுள்ள வளையம் அவற்றை ஒரே நொடித்துணுக்கில் பிடித்து, புறப்பட்ட இடத்தைக் கணக்கிடும். எதிர்ப்பொருள் என்றதும் விண்வெளிப் படம்தான் நினைவுக்கு வருகிறது. ஸ்கேன் அறையில் அது அன்றாட வேலை.

ராக்லோபிரைடு போய் ஒட்டுவது டோபமைன் ஒட்டும் அதே டி2 ஏற்பிகளில். டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போலத்தான். டோபமைன் ஏறி உட்கார்ந்துவிட்டால் ராக்லோபிரைடுக்கு சீட் இல்லை. ஆகவே படத்தில் ஒளி மங்கினால், அங்கே டோபமைன் கூடியிருக்கிறது என்று பொருள். டோபமைனை நேரடியாகப் பார்ப்பதில்லை, அதனால் இடம் இழந்ததை எண்ணுகிறார்கள். கார்பன்-11 இருபதே நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். இந்தியாவின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் மும்பையில் நிறுவப்பட்டதே 2002-இல்தான்.

அதற்கு முன்பே அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் நோரா வோல்கோவும் ஜோவன்னா ஃபவுலரும் இந்த வழியில் வெகுதூரம் போயிருந்தார்கள். (வோல்கோ, ரஷ்யப் புரட்சியாளர் ட்ராட்ஸ்கியின் கொள்ளுப்பேத்தி, அவர் கொல்லப்பட்ட மெக்சிகோ வீட்டிலேயே வளர்ந்தவர்.) நரம்பு வெளியிட்ட டோபமைனைத் திரும்ப உள்ளிழுக்கும் கடத்திப் புரதங்களைக் கோகெய்ன் அடைத்துவிடும்; டோபமைன் வெளியிலேயே தேங்கும். அவற்றில் ஏறக்குறைய பாதியாவது அடைபட்டால்தான் போதை ஏறுகிறது என்று 1997-இல் அவர்கள் காட்டினார்கள்.

வியப்பு அடுத்துதான். கவனக்குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையும் அதே கடத்திகளைத்தான் அடைக்கிறது, வழக்கமான அளவிலேயே பாதிக்கு மேல். ஆனால் மாத்திரையாக விழுங்கியவருக்குப் போதை இல்லை. நரம்பில் ஏற்றிய கோகெய்ன் மூளையில் உச்சம் தொடுவது சில நிமிடங்களில். வாய்வழி மாத்திரைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். அதே மெத்தில்ஃபெனிடேட்டை நரம்பில் ஏற்றினால் போதை வருகிறது; கடத்திகளை மருந்து இன்னும் அடைத்துக்கொண்டிருக்கும்போதே அது வடிந்தும் போகிறது. எவ்வளவு அடைபட்டது என்பதோடு எவ்வளவு வேகமாக அடைபட்டது என்பதும் சேர்ந்தே போதையைத் தீர்மானிக்கிறது. 2004-இல் இன்னொரு சோதனை: மாத்திரை போட்டவர்கள் கணக்குப் போட்டபோது டோபமைன் கூடியது, சும்மா இயற்கைப் படங்களைப் பார்த்தபோது அப்படிக் கூடவில்லை. கணக்கே அவர்களுக்குச் சுவையாகிவிட்டது. நம் பள்ளிக்கூடங்கள் பொறாமைப்படலாம்.

இனி டீ. 2015-இல் வோல்கோ குழு 20 பேருக்கு 300 மில்லிகிராம் காஃபின் கொடுத்து, இதே ராக்லோபிரைடு ஸ்கேன் எடுத்தது. திடமான காபி இரண்டு மூன்று கப்புக்கு ஈடு. கடை டீயில் அதில் சிறு பங்குதான் இருக்கும். டோபமைன் பெருகியிருந்தால் ஒளி மங்கியிருக்க வேண்டும். மாறாக, மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் பகுதியில் சற்றுக் கூடியது! டோபமைன் சுரப்பு கூடியதற்கான அடையாளம் இல்லை. ஏற்பிகளின் எண்ணிக்கையோ பிடிமானமோ கூடியிருக்க வேண்டும் என்று குழு கணித்தது. களைப்பைச் சொல்லும் அடினோசின், டி2 ஏற்பிகளைத் தணித்து வைக்கும். காஃபின் அந்த அடினோசினின் வாயை அடைக்கிறது. ஆக, டீ புதிதாக டோபமைனைக் கொட்டவில்லை. ஏற்கெனவே இருக்கிற டோபமைனின் பேச்சு நன்றாக எடுபடும்படி செய்கிறது.

ஒரு குறை: ராக்லோபிரைடு ஸ்ட்ரையேட்டத்தில்தான் தெளிவாகக் காட்டும். ஏற்பிகள் அரிதாயுள்ள மூளைப் புறணியில் அந்தக் கிளாஸ் டீ என்ன செய்கிறது என்பதை இதே ஊசியால் சொல்ல முடியாது.