பதில் வரலைன்னா எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?

லேப் சிஸ்டத்துல புரோகிராமை சேவ் பண்றீங்க. ஸ்க்ரீன் அப்படியே நின்னுடுது. 'சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்'னு லாக்ல ஒரு வரி. காரணம், பல லேப்களில் உங்க ஃபைல் நீங்க உட்கார்ந்திருக்கும் கணினியில் இல்லை; தூரத்து சர்வர்ல இருக்கு. நடுவில் வேலை செய்வது என்எஃப்எஸ், 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம். உங்க கணினி கோரிக்கை அனுப்பும். பதில் வரலைன்னா மறுபடி அனுப்பும். அதுவரை காத்திருக்கும் நேரம்தான் டைம்-அவுட்.

அதைக் குறைச்சா வேகம் கூடும்னு தோணும். ஆனா ராயபுரம் பக்கம் துறைமுக ஜீரோ கேட்டுக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையை நினைச்சுப் பாருங்க. "போன லாரி இன்னும் உள்ளே போகலையே"ன்னு அதே சரக்குக்கு இன்னொரு லாரி அனுப்பினா வரிசைதான் நீளும். நெட்வொர்க்கிலும் இதேதான். 1986 அக்டோபரில், அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜ தூரத்தில், வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. வேன் ஜேக்கப்சன் 1988-ல் இதை விளக்கி, தீர்வும் எழுதினார். அதில் முக்கியமான ஒண்ணு: டைம்-அவுட்டை நிலையான எண்ணா வைக்காதே, போய் வரும் நேரத்தை அளந்துகிட்டே இரு. இன்றைய டிசிபி கணக்கு: சராசரி நேரம், அதோடு ஏற்ற இறக்கத்தைப் போல் நான்கு மடங்கு.

ஏன் அளக்கணும்? நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்ற சில தீவுகளுக்கும் மொத்தம் சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடி கேபிள் 2020 ஆகஸ்ட் 10-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் சேட்டிலைட்தான். 36,000 கி.மீ. உயரத்துக்குக் கோரிக்கை ஏறி இறங்கி, பதிலும் அதேபோல் வர, ஒளியின் வேகத்திலேயே கிட்டத்தட்ட 480 மில்லி செகண்ட். கேபிளின் மொத்த நீளத்தைக் கணக்கிட்டாலும் வெறும் 23. டைம்-அவுட்டை 200-னு வச்சா, சேட்டிலைட்டில் எதுவுமே தொலையாமலே ஒவ்வொரு கோரிக்கையும் குறைந்தது ரெண்டு தடவை போகும். கேபிளிலோ அது தாராளம்.

இப்போ லினக்ஸ் செட்டிங்குக்கு வருவோம். என்எஃப்எஸ் மவுன்ட்டில் 'டைமியோ'ன்னு ஒரு ஆப்ஷன். அதன் அலகு ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு. 30 போட்டா 30 செகண்ட் இல்லை, 3 செகண்ட்! டிசிபியில் டிஃபால்ட் 600, அதாவது ஒரு நிமிஷம். தொலைந்த பாக்கெட்டை டிசிபியே மில்லி செகண்ட் கணக்கில் கவனிச்சு மறுபடி அனுப்பிடும். அதனால் மேலே இருக்கும் என்எஃப்எஸ் பொறுமையா இருக்கலாம். யுடிபியில் அந்த வசதி இல்லை. அங்கே 8 கேபி டேட்டா சாதாரண ஈதர்நெட்டில் 6 துண்டாகப் போகும். ஒண்ணு தொலைஞ்சாலும் ஆறையும் மறுபடி அனுப்பணும்.

இன்னொரு ஆபத்து 'சாஃப்ட்' மவுன்ட். 'ஹார்டு'ன்னா சர்வர் திரும்பும் வரை விடாம முயற்சி நடக்கும். 'சாஃப்ட்'ன்னா சில முயற்சிக்குப் பிறகு பிழைன்னு சொல்லி விட்டுடும். தொங்கி நிக்காதுன்னு ஆசைப்பட்டு இதைப் போடுறவங்க உண்டு. ஆனா அந்தப் பிழையை உங்க புரோகிராம் கவனிக்கலைன்னா, சேவ் ஆச்சுன்னு நினைச்ச பிராஜெக்ட் ரிப்போர்ட் பாதிதான் டிஸ்க்கில் இருக்கும். எழுதுற டேட்டாவுக்கு 'ஹார்டு'தான் பாதுகாப்பு. 'சாஃப்ட்' போட்டே ஆகணும்னா டைமியோவைக் குறைக்காதீங்க.

அப்போ லேப் மெதுவா இருந்தா? முதல்ல 'என்எஃப்எஸ்ஸ்டாட்' கமாண்டை '-சி'யோடு ஓட்டி, மறு-அனுப்பல் எண்ணிக்கையைப் பாருங்க. அது வேலை நேரத்தில் ஏறிக்கிட்டே இருந்தா கேபிள், ஸ்விட்ச், சர்வர் டிஸ்க் என்று ஒவ்வொண்ணா சோதிங்க. ஏறலைன்னா டைம்-அவுட்டைத் தொடுறதில் பயனில்லை. தாமதம் வேற இடத்தில் இருக்கு.